ஒன்று யாருக்கு?

திங்கட்கிழமைக்குள் நான்கு பேர் வேண்டும் என்று மகாதேவன் சொன்னதிலிருந்து ஷைனியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வேலைக்கு எடுக்க நான்கு பேர் என்றால் சிரமமே இல்லை. தாராவியில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் நாற்பது பேர் வந்து நிற்பார்கள். இது வேலையை விட்டு அனுப்ப.

மகாதேவனுக்கு மாட்டுங்காவில் ஆபீஸ், தாராவியில் தையல் கூடம். ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சீருடை தைத்துக் கொடுக்கிற கம்பெனி. ஷைனி அங்கே மனிதவள அதிகாரி. தையல் கூடத்தில் அவளுக்கு 'ஹெச்சார் மேடம்' என்று பெயர். அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் வேறு பெயர்களும் இருந்திருக்கலாம். இந்த வருஷம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று ஆர்டரைக் குறைத்துவிட்டது. கூடத்தில் நான்கு லைன்கள். லைனுக்கு ஒருவரைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று மகாதேவன் முடிவு செய்துவிட்டார்.

"உனக்கு வேலையே இல்லை ஷைனி," என்றார். "போன வருஷமே மார்க் போட்டு வெச்சுட்டியே. ஒவ்வொரு லைன்லயும் ஒண்ணு வாங்கினவா யாரோ, அவாளை அனுப்பிடு. ஒருத்தர் ஒரு கேள்வி கேக்க முடியாது. இதுக்குத்தான் சிஸ்டம் வேணுங்கறது."

பாராட்டாகத்தான் சொன்னார். ஷைனியும் பாராட்டை வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டு வந்தாள். செம்பூரில் வீட்டுக்கு வந்து குக்கரை அடுப்பில் ஏற்றும்போதுதான் அந்தச் சிரிப்பை நினைத்து அவளுக்கே எரிச்சல் வந்தது.

அந்த மார்க் அவள் பெற்ற பிள்ளை. பெற்று, சீராட்டி, ஊரைக் கூட்டிக் காட்டிய பிள்ளை. அவள் வருவதற்கு முன்னால் சம்பள உயர்வு என்பது மகாதேவனுக்கு அன்றைக்கு வயிறு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயமாக இருந்தது. அவள் வந்து ஒழுங்கு செய்தாள். ஐந்து என்றால் பிரமாதம், ஒன்று என்றால் மோசம். லைன் சூப்பர்வைசர் தன் ஆட்களுக்கு மார்க் போட வேண்டும். மார்க்கைப் பொறுத்துச் சம்பளம் ஏறும். ஒன்று வாங்கியவருக்கு அந்த வருஷம் ஏறாது. முதல் தடவை இரண்டாம் லைன் சூப்பர்வைசர் கோமதிநாயகம் தன் ஆட்கள் அத்தனை பேருக்கும் நாலு போட்டுக் கொண்டுவந்தார்.

"என்ன அண்ணாச்சி இது? எல்லாருக்கும் நாலுன்னா அது மார்க் இல்ல, கோயில்ல எல்லாருக்கும் ஒண்ணுபோலப் போடுற அசனச் சோறு," என்று ஷைனி திருப்பி அனுப்பினாள். அடுத்த தடவை எல்லாருக்கும் மூன்று. அதையும் திருப்பினாள். கடைசியில் சட்டமே போட்டுவிட்டாள்: லைனுக்கு ஒருவருக்கு ஐந்து, ஒருவருக்குக் கண்டிப்பாக ஒன்று, மற்றவர்கள் நடுவில்.

"எல்லாரும் நல்லவங்கதான் அண்ணாச்சி. ஆனா வரிசைன்னு நின்னா கடைசின்னு ஒருத்தர் இருந்துதானே ஆகணும்?"

கோமதிநாயகம் தலையைச் சொறிந்தார். "ஒருத்தருக்கு விழுந்தே ஆகணும்ங்கிய. சரி," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே வாரத்தில் நான்கு லைன்களிலிருந்தும் அவள் கேட்டபடியே, கோணல் மாணல் இல்லாமல் மார்க் வந்து சேர்ந்தது.

அதன் பிறகு வந்த வருஷம் அமோகமான வருஷம். முன்பெல்லாம் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். பக்கத்துச் சந்தில் கொஞ்சம் கூடக் கொடுக்கிறேன் என்றால் மெஷினைப் போட்டது போட்டபடி எழுந்து போவார்கள். அந்த வருஷம் ஒருவர்கூடப் போகவில்லை. கோளாறு என்று திரும்பி வரும் துணி குறைந்தது. பள்ளிக்கூட ஆர்டர், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தது. அந்தக் கம்பெனியின் சரித்திரத்தில் அது ஓர் அதிசயம். மாட்டுங்காவில் சிறுதொழில் முதலாளிகள் கூடிய கூட்டத்தில் ஷைனி திரையில் படம் போட்டு, ஆட்களை ஒழுங்காக நிர்வகித்தால் நிறுவனம் எப்படி உயரும் என்று பேசினாள். கோடு மேலே மேலே ஏறுகிற படம். கை தட்டினார்கள். மகாதேவன் முன்வரிசையில், அந்தக் கோட்டைத் தானே கைப்பட வரைந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நெருளில் புதிதாக ஆரம்பிக்கப்போகிற யூனிட்டுக்கு அவள்தான் மேனேஜர் என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

ஆக, வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்கு இருந்தது சின்ன வேலைதான். ஒருவரை அனுப்பினால் ஃபைலில் காரணம் இருக்க வேண்டும். ஒன்று வாங்கிய நான்கு பேருக்கும் சூப்பர்வைசர்களிடம் காரணம் எழுதி வாங்கினால் முடிந்தது. ஆனால் இரண்டாம் லைனில் ஒன்று வாங்கியிருந்தது இசக்கிசெல்வி. காலர் வைக்கிறவள். அந்தப் பெயரை ஷைனி எத்தனையோ தடவை பார்த்துக் கடந்து போயிருக்கிறாள். அனுப்பியாக வேண்டும் என்று வந்த பிறகுதான் பெயருக்கு ஒரு முகம் வந்தது. புதிதாக யார் சேர்ந்தாலும் அவள் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் சிரிக்கிற சத்தம் மாடிப்படி வரை கேட்கும். அவளா கடைசி?

இருக்கும் என்று ஷைனி தன்னைத் தேற்றிக்கொண்டாள். சிரிக்கிறவர்கள் எல்லாரும் வேலை செய்கிறவர்களா என்ன? ஆட்டோவில் ஏறினாள். சயான் வருவதற்குள் கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். 

தையல் கூடம் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மாடியில் இருந்தது. மூலையில் பிளைவுட் தடுப்பு வைத்து சூப்பர்வைசர்களுக்கு ஓர் அறை. வெளியே மெஷின்கள் ஓடும்போது உள்ளே காதோடு பேசினாலும் கேட்காது. அதனால் அந்த அறைக்குள் நுழைகிற யாரும் கத்தித்தான் பேசுவார்கள்.

"அண்ணாச்சி, இசக்கிசெல்விக்கு ஏன் ஒண்ணு போட்டீங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

கோமதிநாயகம் பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். மறுபடியும் மாட்டினார்.

"எழுதணுமா மேடம்?"

"எழுதணும்."

"என்னன்னு எழுத?"

"அத நீங்கதான் சொல்லணும். லேட்டா வர்றாளா? தையல் சரியில்லையா? லீவு, சுட்டின்னு ஜாஸ்தி போடுறாளா?"

"சேச்சே! தங்கமான புள்ளைல்லா அது. அவ வச்ச காலர் ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல."

"அப்போ ஏன் ஒண்ணு?"

கோமதிநாயகம் தடுப்புக்கு வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு, பந்தியில் சோறு தீர்ந்துபோனதைச் சம்பந்தியிடம் சொல்லப் போகிறவர் மாதிரி நெளிந்தார்.

"அது வந்து மேடம்... விழுந்துட்டு."

"என்ன விழுந்துட்டு?"

"சீட்டு."

ஷைனிக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். தயங்கித் தயங்கி ஆரம்பித்தவர் போகப்போக உற்சாகமாகிவிட்டார். உள்ளூர அவருக்கு அந்த ஏற்பாட்டில் ஒரு பெருமை இருந்திருக்க வேண்டும்.

தாராவியில் சீட்டுப் போடாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, பெயரை எழுதிக் குலுக்கி, விழுகிறவருக்கு மொத்தத்தையும் கொடுப்பார்கள். ஒருமுறை விழுந்தவர் பெயர் அடுத்த குலுக்கலில் இருக்காது. முன்னே பின்னே ஆகுமே தவிர யாருக்கும் விழாமல் போகாது. ஒருவருக்கு ஒன்று விழுந்தே ஆக வேண்டும் என்று ஹெச்சார் மேடம் சட்டம் போட்டதும் இரண்டாம் லைன் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நினைப்புத்தான் வந்தது: இது சீட்டு. லாபத்துக்குப் பதில் நஷ்டம் விழுகிற சீட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். டீ நேரத்தில் பெயர்களை எழுதி, காலி பட்டன் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். யாருக்கு விழுகிறதோ அவருக்கு ஏறாமல் போகிற சம்பளத்தை மற்ற பதினோரு பேரும் பங்கு போட்டு மாதாமாதம் கொடுத்துவிடுவது. அடுத்த வருஷம் வேறொருவர். மற்ற மூன்று லைன்களும் கேள்விப்பட்டு, நல்ல யோசனையாக இருக்கிறதே என்று அப்படியே செய்தன.

"அப்போ அஞ்சு?" என்றாள் ஷைனி. "அஞ்சு யாருக்குப் போட்டீங்க?"

"அதுக்குத் தனியா ஒரு குலுக்கு."

ஷைனி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதனாலதான் மேடம் ஒருத்தனும் வேலைய விட்டுப் போகல," என்றார் கோமதிநாயகம். "சீட்டு நடந்துக்கிட்டிருக்கையில நடுவுல ஓடுனா நாலு பேரு முன்னால தலைகாட்ட முடியுமா? நம்ம மாரிக்கண்ணன பக்கத்துச் சந்துல இந்தச் சம்பளத்துக்கு மேல கூடுதல் பகார் தாரேன்னு கூப்பிட்டான். இவன் போகலியே! இன்னும் அவனுக்கு விழலல்லா, பயந்து ஓடிட்டாம்பாங்க. ஒருத்தருக்கு மேலுக்கு முடியலன்னா மத்தவங்க அவ துணிக்கட்டையும் சேத்துத் தச்சு முடிச்சிருதாங்க. எல்லாம் ஒரு சீட்டுக்காரங்கல்லா."

திரையில் ஏறிய அந்தக் கோடு ஷைனியின் கண் முன்னால் வந்து நின்றது. கோடு பொய்யில்லை. ஏறியது நிஜம். ஏற்றியது யார் என்பதைத்தான் அவள் ஊரைக் கூட்டித் தப்பாகச் சொல்லியிருந்தாள். அவள் கட்டிய ஏணியை இவர்கள் ஓசைப்படாமல் பிரித்துப் போட்டு, அதில் எல்லாரும் சேர்ந்து உட்கார ஒரு பெஞ்சு செய்துவிட்டிருந்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கம் வந்தால் பலருக்கும் வருகிற கோபம் அவளுக்கும் வந்தது.

"என்ன விளையாட்டு அண்ணாச்சி இது? சீட்டு விழுந்த நாலு பேருக்கும் திங்கக்கிழமையோட வேலை போகுது, தெரியுமா? ஒண்ணு வாங்கினவங்களத்தான் அனுப்பச் சொல்லியிருக்காங்க! இசக்கிசெல்விய நான் வீட்டுக்கு அனுப்பணும்!"

கத்திப் பேசுகிற அறை, கத்தித்தான் பேசினாள். டீ நேரமாகி வெளியே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுபோனதை அவள் கவனிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் கூடம் எவ்வளவு நிசப்தமாக இருக்கிறது என்பது உறைத்தது.

வெளியே வந்தாள். இரண்டாம் லைன் ஆட்கள் டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். யாரும் குடிக்கவில்லை.

"அப்ப அது சம்பளத்துக்கு மட்டும் இல்லையா?" என்றான் மாரிக்கண்ணன். "வேலைக்கே வேட்டா?"

பேராச்சி முன்னால் வந்தாள். லைனில் வயதில் மூத்தவள். "அப்படின்னா மறுபடி குலுக்கணும். வேலை போவும்னு தெரியாம குலுக்குனது செல்லுமா?"

"என்னத்துக்கு மறுபடி?" மாரிக்கண்ணன் பதறிவிட்டான். "விழுந்தது விழுந்ததுதான். எடுத்த சீட்ட மாத்திக் குலுக்குற வழக்கம் எங்கயாச்சும் உண்டா?"

அதுவும் சரிதான் என்றது ஒரு குரல். ஆமா, அதுவும் சரிதான் என்றது இன்னொன்று. பேராச்சியும் தன் பெயர் திரும்ப டப்பாவுக்குள் போவதை அப்போதுதான் நினைத்துப் பார்த்திருப்பாள் போல, மேற்கொண்டு பேசவில்லை. ஒருவரும் காலை எடுத்து வைக்கவில்லை, ஆனால் இசக்கிசெல்வியைச் சுற்றி எப்படியோ இடம் உண்டாகியிருந்தது.

இசக்கிசெல்வி அழவில்லை. ஷைனியைப் பார்க்கவும் இல்லை. தன் பக்கத்து மெஷினில் காஜா எடுக்கிற ஃபர்ஸானாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலப்பாளையத்துப் பெண் ஃபர்ஸானா. இரண்டு பேரும் தினமும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். ஃபர்ஸானா டம்ளருக்குள் எதையோ தொலைத்தவள் போலக் குனிந்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து இசக்கிசெல்வி, "டீ ஆறுது, குடிங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தன் மெஷினுக்குப் போனாள்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த லைன் மேடம்," என்றார் கோமதிநாயகம், ஷைனியின் பின்னாலிருந்து.

அங்கிருந்து நேரே மாட்டுங்காவுக்கு ஓடினாள். மகாதேவன் முலுண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சனிக்கிழமை மதியம்தான் வருவார் என்றார்கள். அந்த ஒரு நாளைத் தள்ளுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஸ்டேஷன் பக்கம் பூக்கடைகளின் முன்னால் போனாள், வந்தாள். இட்லியை வாங்கி வைத்துக்கொண்டு பாதியில் எழுந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் நெருள் அவளுக்கு. நான்கு பேர் போவார்கள். போகிறவர்களுக்கு மும்பையில் வேலையா இல்லை? அவள் குலுக்கவா சொன்னாள்? இப்படி ஒரு மனசு. இன்னொரு மனசு பேசவில்லை. டம்ளரோடு நின்றவர்களைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை எல்லாவற்றையும் மகாதேவனிடம் சொன்னாள். அவர் முதலில் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தார்.

"சீட்டா? குலுக்கியா மார்க் போட்டா?" சிரிப்பு சட்டென்று நின்றது. "நான் இதை ஊர் பூராப் பீத்திண்டிருக்கேனே."

"நானும்தான் சார்."

"சரி, அதனால என்ன? வெளியில தெரிய வேண்டாம். நாலு பேர் போகத்தான் வேணும். குலுக்கினது நாமளா? அவாளே குலுக்கி அவாளே எடுத்துண்டா. பாக்கப்போனா இதைவிட நியாயம் கிடையாது. உன் கையிலயும் பாவம் இல்லை, என் கையிலயும் இல்லை."

ஒரு கணம் அதைக் கேட்க ஷைனிக்கு இதமாகத்தான் இருந்தது. இதமாக இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. தலையாட்டிவிடுவோமோ என்று பயந்து வேகமாகப் பேசினாள்.

"சார், போன வருஷம் யாரும் போகாததுக்குக் காரணம் என் மார்க் இல்ல. அவங்க சீட்டு. என் மார்க்க அவங்க வழிக்கு வளைச்சுக்கிட்டாங்க, அதனாலதான் லைன் ஓடுச்சு. இந்த நாலு பேர எடுத்தா அது உடைஞ்சிரும். உடைஞ்சா பழையபடி தீபாவளிக்குப் போறவங்க வரமாட்டாங்க. ஆள் கிடைப்பாங்க சார், தங்கமாட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் பள்ளிக்கூட ஆர்டர் என்னாச்சுன்னு நினைச்சுப் பாருங்க."

மகாதேவன் நினைத்துப் பார்த்தார். பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகள் கலர் டிரஸ்ஸில் வந்து நிற்க, தலைமையாசிரியை போனில் தன்னைப் பிடித்து உலுக்கியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை நீ எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம். நெருள் உன் கையில இருந்தது."

"தெரியும் சார்."

"சரி, யாரையும் அனுப்ப வேண்டாம். ஓவர்டைமை நிறுத்திச் சமாளிப்போம். ஆனா நெருளுக்கு..." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "சீட்டு மார்க்கை வெச்சு என்னை முன்வரிசையில உக்காத்தி வெச்சவளை எப்படி அனுப்பறது? நீயே சொல்லு."

ஷைனி வெளியே வந்தாள். படி இறங்கும்போது வலித்தது, நன்றாகவே வலித்தது. நெருளில் வீடுகூடப் பார்த்து வைத்திருந்தாள். ஆனாலும் நான்கு பேருக்கு வேலை இருக்கிறது. கோமதிநாயகத்துக்குப் போன் செய்யக் கையில் எடுத்தவள், உள்ளே வைத்துவிட்டாள். இதை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதில் கொஞ்சம் ஆசையும் இருந்தது. இவ்வளவு இழந்துவிட்டு, அந்தப் பன்னிரண்டு முகங்களும் மலர்வதைப் பார்க்கிற சந்தோஷமாவது தனக்கு வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முழுக்க அதே நினைப்பாக இருந்தாள். முழங்காலிட வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, கூடத்தின் நடுவில் நின்று சொன்னாள். யாருக்கும் வேலை போகவில்லை. ஒருவருக்கும் இல்லை. மற்ற லைன்களில் நாலைந்து பேர் கை தட்டினார்கள். இரண்டாம் லைனில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். உடனே குனிந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஷைனி பக்கத்தில் போய்ப் பார்த்தாள். துணிக்கட்டுகளின் மேல் அவரவர் பெயரைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு கட்டு முடிந்தால் பக்கத்துக் கட்டுக்குப் போகிற கைகள், இப்போது முடிந்ததும் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டன.

காலர் மெஷின் காலியாக இருந்தது.

இசக்கிசெல்வியை மாடிப்படியில் பிடித்தாள். ஒரு துணிப்பையில் கத்தரியும் ஸ்டூலில் போட்டு உட்காருகிற குஷனும் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற? உனக்கு வேலை போகல. நான் பேசிட்டேன்."

"கேட்டேன் மேடம். நீங்க சொன்னது இங்கன வரைக்கும் கேட்டுச்சு."

"பின்ன?"

"மான்குர்த்துல ஒரு எடத்துல வரச் சொல்லியிருக்காவ. பகார் இங்கன விடக் கம்மிதான்."

"கம்மின்னா எதுக்குப் போற?"

இசக்கிசெல்வி பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"சீட்டு எனக்கு விழல மேடம். ஃபர்ஸானாவுக்குத்தான் விழுந்துச்சு. ஒண்ணுன்னு தெரிஞ்சா வீட்டுக்காரன் வருஷம் பூராச் சொல்லிக்காட்டுவான்னு அழுதா. எனக்குச் சொல்லிக்காட்ட ஆளில்ல, நான் எடுத்துக்கிடுதேன்னேன். லைன்ல எல்லாருக்கும் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும்."

ஷைனிக்கு வெள்ளிக்கிழமை பார்த்த அந்தப் பார்வை இப்போதுதான் விளங்கியது.

"அன்னைக்கு நான் ஏன் வாயத் தொறக்கலன்னா, யாராச்சும் சொல்லுவாங்கன்னு நின்னேன். அவ சொல்லாட்டாப் போவுது, அவளுக்குப் பயம். மத்தவங்கள்ல ஒருத்தர்? இது இசக்கிக்கு விழுந்ததில்லன்னு ஒரு வார்த்த? டீ ஆறுற வரைக்கும் நின்னேன் மேடம்."

"ஏதோ பயத்துல அப்படி நின்னுட்டாங்க இசக்கி. நாளைக்கே சரியாயிரும்."

"ஆயிரும். நாளைக்கே பழையபடி சிரிப்பாவ. எனக்குச் சிரிக்க வராதே." அவள் இரண்டு படி இறங்கித் திரும்பினாள். "நீங்க சத்தம் போட்டதுல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. நீங்க ஆபீஸ் ஆளு, நீங்க அனுப்பத்தான் செய்வீங்க. இவங்க என் ஆளுங்கல்லா."

அவள் போய்விட்டாள். ஷைனி படியிலேயே நின்று அழுதாள். மேலே ஏறுகிறவர்கள் பார்க்கிறார்களே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஏதாவது செய்யாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. கோமதிநாயகத்தைப் பிளைவுட் அறைக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இந்த வருஷத்திலேர்ந்து மார்க் கிடையாது. அஞ்சும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏத்திக் குடுக்கச் சொல்றேன். எப்படியாவது சார்கிட்ட பேசி வாங்கிடறேன். சீட்டும் வேண்டாம்."

கோமதிநாயகம் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமைக்கு இப்போது ஆள் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தார்.

"சீட்டு இனிமே எங்க மேடம்? நேத்து ஞாயித்துக்கிழமைல்லா. வீட்டுக்கு வந்தாங்க. ஒவ்வொருத்தரா, தனித்தனியா. ஒருத்தர் போனப்புறம் ஒருத்தர். ஆளத் தூக்குறதா இருந்தா இன்னாரத் தூக்குங்க அண்ணாச்சின்னு ஆளுக்கொரு பேரு சொல்லுதாங்க. காரணத்தோட சொல்லுதாங்க. இவ லேட்டு, அவன் தையல் கோணல், அவ ஓயாம போன் பேசுதான்னு. அன்னைக்கு நீங்க கேட்டப்போ எனக்கு ஒண்ணும் எழுத வரலல்லா? இப்ப எழுதுனா ஒரு நோட்டு நெறையும்."

ஷைனிக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டாள்.

"மொதல்ல வந்தது யாரு?"

"ஃபர்ஸானா."

"யார் பேரச் சொன்னா?"

"இசக்கிசெல்வி பேரத்தான். சிரிச்சுப் பேசியே லைனக் கெடுக்கான்னா."

வெளியே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் யாரோடும் பேசாததால் வழக்கத்தைவிட வேகமாகவே ஓடின. கோமதிநாயகம் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் முகத்தைப் பார்த்தார்.

"எழுதவா மேடம்?"

வேண்டாம் என்று ஷைனி கத்தினாள். மெஷின் சத்தத்தில் அது பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை.